முதலில் வண்டி ஓடட்டும், சைலன்ஸரைப் பிறகு பார்ப்போம்

கேள்வி:

வணக்கம் அண்ணா. கோவென்ட்ரியில் இருக்கிறேன். போன மாதம் 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் எட்டு வருடமாக அதைக் கராஜுக்குள்ளேயே விட்டிருக்கிறார். எஞ்சின் கையால் சுற்றுகிறது, இன்னும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. பின் சைலன்ஸர் தொட்டாலே உதிர்கிறது. கடைகளில் விசாரித்தால் சாதா இரும்பு, ஸ்டெயின்லஸ், ஒற்றைப் பெட்டி ஸ்போர்ட்ஸ், பெரிய துளை, டியூப் மேனிஃபோல்ட் என்று அடுக்குகிறார்கள். மேனிஃபோல்டோடு சேர்த்து மாற்றினால் பத்துக் குதிரைத்திறன் கூடும் என்கிறார் ஒரு நண்பர். நல்ல சத்தம் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எதை வாங்கட்டும்? பழைய கார் எனக்கு இதுவே முதல். எங்கிருந்து தொடங்க வேண்டும்? அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓட்டியவர், அவரோடு நின்று ஸ்பானர் பிடித்த அனுபவம் கொஞ்சம் இருக்கிறது.

பதில்:

வணக்கம் தம்பி. சைலன்ஸருக்கு உரிய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி அளவிலேயே, இரண்டு பெட்டியோடு வருகிற ஸ்டெயின்லஸ் செட் வாங்குங்கள். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து பைப்புக்கு அனுப்பும் மேனிஃபோல்டைத் தொடாதீர்கள். ஆனால் இன்றைக்கே ஆர்டர் போட வேண்டாம். எட்டு வருடம் நின்ற வண்டியில் அதற்கு முன்னால் காசு கேட்கிற இடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சைலன்ஸரைவிடப் பல மடங்கு கேட்கும்.

அப்பாவின் ஆஸ்டின் கேம்பிரிட்ஜைப் பற்றி எழுதியிருந்தீர்கள், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. அதில் இருந்ததும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின்தான். நான் கோயம்புத்தூரில் கை பழகிய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் அதே குடும்பம். அதையே 1798 சிசியாகப் பெரிதாக்கி, இரண்டு எஸ்யு கார்பரேட்டர் மாட்டி, 1962இல் ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபிங்டன் தொழிற்சாலையில் எம்ஜிபிக்குள் இறக்கினார்கள். 1964 கடைசியில் கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங் இருந்த இடத்தில் ஐந்து வந்தது, ஆகவே உங்களுடையது ஐந்து பேரிங் எஞ்சின். சுமார் 95 குதிரைத்திறன். பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே இருப்பது குடும்பக் காருக்கென்று செய்த முரட்டு எஞ்சின். அப்பாவோடு நின்று கற்றது எதுவும் வீண் போகாது.

இனி, எங்கே தொடங்குவது. பானெட்டைத் திறக்காதீர்கள். முதலில் வண்டிக்குக் கீழே படுங்கள்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிறதே, சில் என்கிற பகுதி, அதில்தான் வண்டியின் பலம் முழுக்க இருக்கிறது. ரோட்ஸ்டருக்கு மேலே கூரையும் இல்லை, பாரமெல்லாம் அந்த இரண்டு சில்களின் தலையில்தான். வெளியே தெரிகிற தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே இருக்கும் தகடுகள் துருவில் தாளாகியிருக்கும். பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மறைப்பது சர்வசாதாரணம். கதவை மூடிவிட்டு, கதவுக்கும் பின் விங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்று இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினாலும் அதே சந்தேகம்தான். பின் பட்டை ஸ்பிரிங் உடம்போடு சேருகிற இடம், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் பெட்டிகள், கால் வைக்கும் தரை ஆகியவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. மொத்தென்று கேட்டால் டிங்கர் வேலை காத்திருக்கிறது.

சைலன்ஸர் கேள்விக்கு நடுவில் இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. சில் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் அடியில் இருக்கிற பைப்பைக் கழற்றத்தான் வேண்டும். புதுசாக வாங்கி மாட்டி, மூன்று மாதத்தில் கழற்றி, மறுபடி மாட்டினால் இரண்டு கூலி, இரண்டு செட் கேஸ்கெட். அதோடு, கதவை மூடிய நிலையில் அளவெடுத்து, உடம்புக்குச் சரியாக முட்டுக் கொடுத்து சில் மாற்றத் தெரிந்தவரிடம் மட்டுமே அந்த வேலையைக் கொடுங்கள். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் வண்டி கோணிக்கொள்ளும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். எம்ஜிபிக்கு முழு உடம்பே புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை மீட்டெடுத்து 1988 முதல் செய்து வருகிறது. தனித்தனித் தகடுகளும் கிடைக்கும்.

அடுத்தது பிரேக். இங்கிலாந்தில் விற்ற அந்தக் கால எம்ஜிபிகளில் பிரேக்குக்கு ஒற்றைச் சுற்றுத்தான். ஒரு ஹோஸ் போனால் நான்கு சக்கரத்துக்கும் போயிற்று, கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். எட்டு வருடம் நின்ற பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருக்கும். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருப்பதற்கு இது ஒரு காரணம். ஹோஸ்கள், பின் சக்கர சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால், பூ (பட்டன்) எவ்வளவு இருந்தாலும் அவை குப்பைக்கு.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். அவசரப்படாமல்.

டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். வார்னிஷ் வாசம் அடித்தால், கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரையும் கழுவ வேண்டும். பெட்ரோல் ஹோஸ்களை மாற்றும்போது ஆர்9 என்று முத்திரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரை மென்மையாக்கி ஒழுக வைக்கும், இந்த வண்டியில் கார்பரேட்டர்களுக்கு நேர் கீழே கொதிக்கிற மேனிஃபோல்ட் இருக்கிறது. பம்பில் சூப்பர் என்று விற்கும் இ5 மட்டும் போடுங்கள்.

பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரவு ஊற விடுங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 தடிமன் ஆயில்தான் வேண்டும், அதிலும் பழைய எஞ்சினுக்கென்றே விற்கும் துத்தநாகச் சேர்க்கை உள்ளது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் உரசுகிற இடத்தை அதுதான் காப்பாற்றும். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடியுங்கள், ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை. பேட்டரி மாற்றுகிறீர்கள் என்றால் கவனம்: 1970ஆம் வருடத்து வண்டியில் கம்பெனி வைத்தது இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், யாராவது ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருக்கவும் கூடும். 1967 வரை பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேரும்), அதற்குப் பிறகு நெகட்டிவ் எர்த். உங்களுடையது நெகட்டிவ் ஆக இருக்க வேண்டும். யாரும் கை வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வயரைப் பூட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். எஸ்யு பெட்ரோல் பம்ப்தான், பயப்பட வேண்டாம். ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது அல்லது பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் நீடில் சிக்கியிருக்கிறது. சாவியை அணைத்துவிட்டுத் தேடுங்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டால் சூடானதும் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டுக்குள், ஐட்லிங்கில் 10 முதல் 25க்குள் இருக்க வேண்டும். கிளச் மிதித்தும் கியர் விழவில்லையா? எட்டு வருடத்தில் கிளச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும், பெரும்பாலும் விடுவித்துவிடலாம்.

கராஜ் கதவை அகலத் திறந்து வைத்து, வண்டியின் பின்பக்கம் வெளியே பார்க்க நிறுத்திவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். பின் சைலன்ஸர் ஓட்டையான வண்டியிலிருந்து வரும் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும், அதற்கு வாசமே கிடையாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஓட்டை பைப்போடு, ஹூட் என்கிற மடக்குத் துணிக் கூரையை மூடி, ஜன்னல் ஏற்றி இந்தக் காரை எவரும் ஓட்டக் கூடாது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பத்துக் குதிரைத்திறன் என்ற பேச்சை முதலில் பார்ப்போம். பி-சீரிஸ் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு ஐந்தே ஐந்து துளைகள். உள்ளே இழுக்க இரண்டு, வெளியே தள்ள மூன்று. ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்குத் தனித்தனி எக்ஸாஸ்ட் துளை. இரண்டும் மூன்றும் நடுவிலுள்ள ஒரே துளையைப் பங்கு போடுகின்றன. இதைக் கேட்டால் பெரிய குறை போலத் தோன்றும். ஆனால் எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. மூன்றாவது வெடித்து, கிராங்க் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் இரண்டாவது வெடிக்கிறது. ஆகவே நடுத் துளையில் இரண்டின் புகையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. மூன்று துளைகளையும் இரண்டு வாயாகச் சேர்த்து, இரட்டைப் பைப்பாகக் கீழே இறக்கி, சற்றுத் தள்ளி ஒன்றாக்குகிறது கம்பெனியின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட். அந்தக் காலத்து வார்ப்பு மேனிஃபோல்ட்களில் இவ்வளவு நன்றாக யோசித்துச் செய்தவை அதிகம் இல்லை. இந்த எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிற இடம் ஹெட்டின் துளைகளும் வால்வுகளும்தான். ஹெட்டில் வேலை செய்யாமல், கேம் மாற்றாமல், டியூப் மேனிஃபோல்ட் மட்டும் மாட்டினால் உங்கள் காலுக்குத் தெரிகிற அளவு பிக்கப் கூடாது. சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடியது போலத் தோன்றும், உங்கள் நண்பர் சொல்வது அந்த அனுபவமாக இருக்கலாம்.

டியூப் மேனிஃபோல்ட் தலைவலிகளையும் கூட்டிக்கொண்டு வரும். மெல்லிய குழாய் கனத்த வார்ப்பைவிட அதிகச் சூட்டை வெளியே வீசும், அதன் தலைக்கு மேலேயே இரண்டு கார்பரேட்டர்கள். கோடை நெரிசலில் நின்று நின்று ஓடும்போது பெட்ரோல் கொதித்து எஞ்சின் திணறும். இன்னொன்று: இந்த எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே ஸ்டட்களையும் (தலையில்லாத போல்ட்கள்), தடித்த பெரிய வாஷர்களையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வாஷரின் ஒரு பாதி இன்லெட் ஓரத்தையும் மறு பாதி எக்ஸாஸ்ட் ஓரத்தையும் அழுத்தும். இரண்டின் தடிமனும் சரிசமமாக இருந்தால்தான் இரண்டும் இறுகும். கடையில் வாங்கும் டியூப் மேனிஃபோல்டின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் மெலிதாக இருந்தாலும் இன்லெட் பக்கம் மட்டும் இறுகி, எக்ஸாஸ்ட் பக்கம் புஸ் என்று ஊதும். அதைச் சரிசெய்யப் படிவைத்த வாஷர் கடைந்து போட வேண்டும். பத்திரமாக இருக்கும் வார்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பாட்டை ஏன் படவேண்டும்? பிற்காலத்தில் ஹெட் வேலை செய்ய நினைத்தால் அப்போது பேசலாம்.

பெரிய துளை பைப்பும் அப்படியே. 95 குதிரைத்திறன் எஞ்சின் விடுகிற புகைக்குக் கம்பெனி போட்ட அளவு போதும். அகலமான பைப்பும் பருத்த பெட்டியும் தரையை நோக்கி இன்னும் இறங்கும். எம்ஜிபி ஏற்கெனவே தாழ்வான வண்டி, உங்கள் தெருவின் வேகத்தடைகளே அதை உரசிப் பார்க்கும்.

அடுத்து உலோகம். சாதா இரும்பு சைலன்ஸர் வெளியிலிருந்து துருப்பிடிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சாவது உள்ளிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பைப் முழுக்கச் சூடானால் ஆவி வெளியே போய்விடும். கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினால் பின் பெட்டி சூடாகவே ஆகாது, ஆவி அங்கேயே குளிர்ந்து அமிலத் தண்ணீராகத் தேங்கும். உங்கள் வண்டியிலும் பின் பெட்டி முதலில் உதிர்ந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். வருடத்துக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடி, மழைக்காலம் முழுக்க நிற்கும் இது போன்ற வண்டிக்குத்தான் ஸ்டெயின்லஸ் பொருந்தும். தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டி என்றால் சாதா இரும்பே போதும் என்றிருப்பேன், அதன் சத்தமும் சற்று ஆழ்ந்து கேட்கும்.

ஸ்டெயின்லஸிலும் இரண்டு தரம் விற்கிறார்கள். 304 என்பதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம், காந்தம் ஒட்டாது. 409 என்பதில் குரோமியம் குறைவு, காந்தம் ஒட்டும், மேலே பழுப்பு படரும். ஓட்டை விழ நாளாகும் என்றாலும் பணம் கொடுக்கும்போது எது என்று தெரிந்து கொடுங்கள். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போனால் போதும். பைப் மட்டுமா, பெட்டிக்கு உள்ளே இருக்கும் தகடுகளும் அதே தரமா என்று கேளுங்கள். ஆயுள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தால், உள்ளே வைத்த பஞ்சு எரிந்து போனால் அதுவும் சேருமா என்று கேளுங்கள்.

அந்தப் பஞ்சில்தான் சத்தத்தின் சூட்சுமம் இருக்கிறது. சைலன்ஸர் பெட்டி இரண்டு வகை. ஒன்றில் தடுப்புத் தகடுகள் இருக்கும், புகை வளைந்து வளைந்து போகும்போது சத்த அலைகள் தமக்குள் மோதி அடங்கும். மற்றதில் ஓட்டை போட்ட குழாய் நேராக ஓடும், சுற்றிலும் கண்ணாடி அல்லது எஃகுப் பஞ்சு அடைத்திருக்கும். ஸ்போர்ட்ஸ் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. புதிதில் இனிமையாக இருக்கும், வருடங்கள் போகப்போகப் பஞ்சு எரிந்து, ஊதிப் போய், சத்தம் ஏறும். இந்த வகைப் பஞ்சுக்கு மேல்ஸ்தாயிச் சத்தம்தான் அடங்கும், அடிக்குரல் அவ்வளவாக அடங்காது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 100 தடவை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் சின்ன ரோட்ஸ்டரின் உள்ளே, அதுவும் ஹூட் மூடியிருக்கும்போது, காதுக்குள் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ரசிக்கலாம், இரண்டு மணி நேரம் தாங்க முடியாது. நடுப் பெட்டியை எடுத்துவிட்ட ஒற்றைப் பெட்டி செட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம். இரண்டு பெட்டியும் இருந்தாலும் எம்ஜிபிக்கென்று ஒரு கரகரத்த நல்ல குரல் இருக்கவே செய்யும், கைக்குழந்தையும் தூங்கும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அமைதியான செட்டை முதலில் போடச் சொல்கிறேன், எனக்கு இதுவே பெரிய காரணம். இந்த வண்டி நல்ல நிலையில் எப்படிச் சத்தம் போடும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. டேப்பட்டின் தட்டல், டைமிங் செயினின் உரசல், பேரிங்கின் முனகல் எல்லாம் காதால் பிடிக்க வேண்டியவை. பழைய வண்டி தன் நோயைக் காட்டுகிற முதல் வழி சத்தம்தான். முழங்குகிற சைலன்ஸரை முதல் வருடமே மாட்டினால் அத்தனையும் அதற்குள் அமுங்கிவிடும். ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். அதன் குரல் உங்களுக்குப் பழகிய பிறகும் ஆசை அப்படியே இருந்தால் பின் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அது அரை நாள் வேலை.

காது சொல்வதைச் சரியாகப் படிக்கவும் பழக வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் டேப்பட்டைத் திட்டாதீர்கள், மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதுகிறதா என்று பாருங்கள். ஒரு முழ ரப்பர் ஹோஸை ஒரு முனை காதிலும் மறு முனை மூட்டருகிலும் பிடித்தால் இடம் தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பின்னால் பட்பட்டென்று வெடித்தால், எங்கோ ஒரு மூட்டில் காற்று உள்ளே இழுக்கிறது அல்லது பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது. மூட்டுகள் ஊதும்போது கார்பரேட்டர் டியூன் செய்வது வீண். முதலில் மூட்டு, பிறகு டேப்பட், பிறகு பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட்டும் டைமிங்கும், கடைசியில்தான் கார்பரேட்டர். டேப்பட் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போனால், ஈயமில்லாத பெட்ரோல், வால்வ் உட்காரும் சீட்டைத் தின்கிறது என்று பொருள். ஹெட்டில் கடின சீட் பதித்திருக்கிறார்களா என்று பழைய பில்களில் தேடுங்கள். தெரியாவிட்டால் அதற்கான சேர்க்கைத் திரவத்தை பெட்ரோலோடு கலந்து ஓட்டுங்கள்.

மாட்டும் வேலையை நீங்களே செய்யலாம். மேனிஃபோல்டையும் இரட்டைப் பைப்பையும் இணைப்பவை ஆறு ஸ்டட்கள், அவற்றில் பித்தளை நட்டு போட்டிருக்க வேண்டும். யாராவது இரும்பு நட்டு போட்டிருந்தால் அது ஸ்டட்டோடு ஒன்றாகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெயை மூன்று நான்கு நாள் முன்பிருந்தே தினமும் அடித்து வாருங்கள். வரவில்லை என்றால் சூடு காட்டுங்கள், பலம் காட்டாதீர்கள். வார்ப்புக்குள் ஸ்டட் ஒடிந்தால் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் எடுக்க முடியும். புதிதாகப் பூட்டும்போது மறுபடி பித்தளை நட்டு, புது கேஸ்கெட், ஸ்டட்டில் செம்பு கிரீஸ்.

பைப் முழுவதையும் முதலில் தொளதொளவென்று மாட்டுங்கள், எந்த நட்டையும் இறுக்காதீர்கள். வண்டியின் எடை சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது பின் அச்சு கீழே இறங்கி அளவு மாறிவிடும். பிறகு முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடுகிறது, முன் பைப் அதோடு சேர்ந்து ஆட வேண்டும். தொங்கும் ரப்பர்களைப் பழையதாக விட்டுவிட்டு, எட்டாத பைப்பை இழுத்துப் பிடித்து கிளாம்ப் போட்டால் அந்த இழுவை முழுக்க மேனிஃபோல்ட் மூட்டில் விழுந்து, நட்டு தளரும். ஸ்டெயின்லஸ் சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும், எனவே உடம்பைத் தொடாமல் எல்லா இடத்திலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். பின் முனை பம்பரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கட்டும். ஓடும் ரோட்ஸ்டரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். நூறு மைல் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 40 வயது தாண்டிய வண்டியை ஹிஸ்டாரிக் வகையில் பதிந்தால் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால் எம்ஓடி என்கிற வருடாந்தர வண்டிப் பரிசோதனையும் கட்டாயமில்லை. பர்மிங்காம் தூய காற்று மண்டலத்திலும் ஹிஸ்டாரிக் வகைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஹிஸ்டாரிக் வகையைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், வரி பூஜ்யமானாலும் டாக்ஸ் எடுக்காமல் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் முதல் தடவை கட்டாயம் போடுங்கள். உங்களைத் தவிர இன்னொருவர் கண் அந்த பிரேக்கையும் சில்லையும் பார்க்கட்டும். கம்பெனி செட் அல்லாத சைலன்ஸர் மாட்டினால் இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும், சட்டப்படியும் சத்தம் கூடும்படி சைலன்ஸரை மாற்றக் கூடாது. ஆபிங்டனில் எம்ஜி கார் கிளப் இருக்கிறது, 1930இல் தொடங்கியது. உறுப்பினராகி, அவர்கள் கூடுமிடத்துக்குப் போய், நீங்கள் வாங்க நினைக்கிற அதே செட் மாட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள். கணினியில் கேட்கிற ஒலிப்பதிவை நம்பி யாரும் சைலன்ஸர் வாங்கக் கூடாது.

ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்: உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா? வேலை செய்தால் மணிக்கு 70 மைலில் எஞ்சின் 3,200 சுற்றுக்குள் இருக்கும். இல்லையென்றால் அதே வேகத்தில் 3,900. அப்போது மேலே சொன்ன 3,000 சுற்று முழக்கம் மணிக்கு 54 மைலிலேயே வந்துவிடும், நீங்கள் அதிகம் ஓட்டப்போகிற கிராமத்துச் சாலை வேகம் அதுதான். ஓவர்டிரைவ் இல்லாத வண்டிக்கு இரண்டு பெட்டிகளுமே தடுப்புத் தகடு வகையாக உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள்.